தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டிருந்தார். ‘தூரம் சுமார் 13,600 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். எனவே பயண நேரம் 15 மணி. திரும்பி வரவும் அதே நேரம்தான்’ என்று பதில் வந்திருந்தது. தூரம் சரி. வேகமும் ஏறக்குறைய சரி. கடைசி வரி மட்டும் தவறு. அந்த வரியை நம்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டதால் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருஷம் பள்ளியில் புவியியல் பாடம் எடுத்தவள். என் அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மகள் இருப்பது சான் பிரான்சிஸ்கோவில். போன ஜனவரியில் தனியாக மகளைப் பார்க்கக் கிளம்பினார். சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் என்பதால், பயணத்துக்கு முன் டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “விமானத்துல மொத்தம் எத்தனை மணி நேரம் இருப்பீங்க?” அக்கா கையிலிருந்த பயணத் தாளை நீட்டியிருக்கிறார். அதில் காலை 9:15 புறப்பாடு, காலை 8:05 வருகை, இரண்டுக்கும் ஒரே தேதி. கிளம்புவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவதாக அந்தத் தாள் சொன்னது. எத்தனை மணி நேரப் பயணம் என்று அதில் எங்கேயும் இல்லை.

அன்று இரவே தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். “நீதானடி இத்தனை வருஷம் பூமி, கோளம்னு பாடம் எடுத்தே. இது டிக்கெட்டுல தப்பா, இல்ல எனக்குத்தான் புரியலையா, சொல்லு” என்றார்.

டிக்கெட்டில் தப்பு இல்லை. விமான டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகார நேரத்தைத்தான் போடுவார்கள். புறப்படும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம், சேரும் நேரம் சான் பிரான்சிஸ்கோ கடிகாரம். ஒன்றிலிருந்து இன்னொன்றை அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது நாங்கள் வகுப்பில் கிரீன்விச் நேரம் என்று சொல்லிக்கொடுத்ததற்கு, மாற்ற வேண்டும். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அப்படியானால் 9:15 என்பது பொது நேரத்தில் அதிகாலை 1:15. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். அங்கே காலை 8:05 என்றால் பொது நேரத்தில் மாலை 4:05. இப்போது கழித்தால் 14 மணி 50 நிமிடம். டாக்டருக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு எண்தான். அதை வைத்துத்தான் ஊசி நேரங்களை அவர் எழுதிக்கொடுத்தார். கடிகாரம் பின்னால் போவதால் மருந்தின் வேலை நின்றுவிடுவதில்லை அல்லவா?

அக்கா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். சிக்கல் வந்தது திரும்பும்போது.

திரும்பும் பயணத்துக்கான தாளில், புதன் இரவு 10:30 புறப்பாடு, காலை 7:40 வருகை என்று இருந்தது. வருகைக்கு எதிரே தேதி இல்லை. கிளம்பிய தேதியிலிருந்து எத்தனை நாள் தள்ளி இறங்குவது என்று காட்ட, விமான நிறுவனங்கள் ‘+1’, ‘+2’ என்று சின்னதாக ஒரு எண் போடுவார்கள். தாளைத் தட்டச்சு செய்து கொடுத்த டிராவல்ஸ்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள். புதன் இரவு கிளம்பினால் வியாழன் காலை வந்துவிடுவார் என்று அக்கா மகன் நினைத்துக்கொண்டான். போனதற்கு ஆன அதே பதினைந்து மணி நேரம்தான் திரும்பவும் ஆகும் என்பதும் அவன் மனதில் இருந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வியாழன் காலை விமான நிலையத்துக்குப் போய் நின்றான். சான் பிரான்சிஸ்கோ விமானம் சரியான நேரத்துக்கு வந்ததாகப் பலகையில் ஓடியது. தினமும் வரும் விமானம் அது. பெட்டிகளோடு எல்லாரும் வெளியே வந்தார்கள். அக்கா வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, விமானத்தில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் எனக்கு போன் செய்தான். நான் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “முதல்ல அம்மா நம்பருக்கே போன் பண்ணுப்பா” என்றேன். அக்கா எடுத்தார். அங்கே அப்போது புதன் மாலை. “நான் இன்னும் பெட்டியே கட்டலையேடா” என்றார்.

அக்கா வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. புதன் இரவு கிளம்பியவருக்கு வியாழக்கிழமை என்று ஒரு முழு நாள், பசிபிக் கடல் நடுவே தேதி மாறும் கற்பனைக் கோடான தேதிக்கோட்டைக் கடந்ததில் காணாமல்போனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயண நேரம் 17 மணி 10 நிமிடம். போனதைவிட 2 மணி 20 நிமிடம் அதிகம். அதே இரண்டு விமான நிலையங்கள், அதே 13,600 கி.மீ. போகும்போது சராசரியாக மணிக்கு 917 கி.மீ., வரும்போது 792 கி.மீ. என்று ஆகிறது. ‘திரும்பி வரவும் அதே நேரம்தான்’ என்ற வரி எனக்கு உறுத்தியது இதனால்தான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: “டீச்சர், பூமி கிழக்குப் பக்கம் சுத்துதில்ல, அப்போ மேற்கே போற விமானத்துக்குக் கீழே ஊரே தன்னால வந்துடுமே?” நல்ல கேள்வி. ஆனால் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, தரையில் நிற்கும் விமானமும் சுற்றுகிறது. அதனால் வெறும் சுழற்சியால் யாருக்கும் இனாமாகத் தூரம் குறைவதில்லை. நடப்பது இதற்கு நேர் எதிர். கிழக்கே போகிறவருக்குத்தான் லாபம். காரணம், ஜெட் காற்று. பூமியின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் காற்று அது. மணிக்கு 160 கி.மீ. வேகம் என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த வசாபுரோ ஓயிஷி. 1920களில் தடெனோ என்ற இடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே போகப் போகக் காற்று எவ்வளவு வேகம் எடுக்கிறது என்று குறித்து வைத்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் அதை வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளியே பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்கப் போர் விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திணறினார்கள். சொல்லப்போனால், சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ பாதை போவதும் அந்த ஜப்பான் ஓரமாகத்தான். என் அக்கா ஜனவரியில் போனது ஓயிஷி அளந்த காற்றின் முதுகில் ஏறித்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. காற்றில் விமானத்தின் வேகம் 900. காற்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து தள்ளினால் தரையை வைத்துப் பார்க்கும்போது 1,000. எதிர்த்தால் 800. தூரம் 13,600. போக 13.6 மணி, வர 17 மணி. காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 15.1 மணி. போகும்போது ஒன்றரை மணி மிச்சம், வரும்போது ஏறக்குறைய இரண்டு மணி நஷ்டம். போகும்போது கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. வழி நெடுக ஒரே சீராகக் காற்று அடிக்காது என்பதால் உண்மையில் எண்கள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவழியில் அதன் தரை வேகம் மணிக்கு 1,327 கி.மீ. வரை போனது. அப்போது, அது ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது எப்போதும் போலத்தான் பறந்தது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவர், தண்டவாளத்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு வேகம் என்பது மாதிரி.

அடுத்து, தூரம். 13,600 என்பது எதன் தூரம் என்று உங்கள் பதிலில் இல்லை. அது பூமியின் வளைவை ஒட்டி இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே போகும் மிகக் குறுகிய வழி, பெருவட்டப் பாதை. என்னிடம் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பழைய கோளம் இருக்கிறது. அதன் இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர் சொச்சம். பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். ஆக, கோளத்தில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கி.மீ. ஒரு தையல் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துத் தொய்வில்லாமல் பிடிப்பேன். நூல் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் வடக்கு முனையைத் தொட்டு, டோக்கியோவுக்குச் சற்றுத் தெற்கே போய், அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்குக் கீழே 47 டிகிரி வடக்கு வரை ஏறி, பிறகு கலிபோர்னியாவுக்கு இறங்கும். நூலை அளந்தால் 32 சென்டிமீட்டர். 425-ஆல் பெருக்கிப் பாருங்கள், 13,600.

அதையே சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான உலகப் படத்தில், அதாவது மெர்காட்டர் படத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், கோடு குவாம் தீவின் மேல் ஓடி, ஹவாய்க்கு வடக்கே போகும். பார்வைக்கு அதுதான் நேர்கோடு. நடந்து பார்த்தால், அதாவது பறந்து பார்த்தால், ஏறத்தாழ 700 கி.மீ. அதிகம். விமானம் ஏன் வடக்கே வளைத்துக்கொண்டு போகிறது, எரிபொருளை வீணடிக்கவா என்று என்னிடம் கேட்காத பயணி இல்லை. வளைந்திருப்பது படம். மெர்காட்டர் 1569-இல் வரைந்தது கப்பல் மாலுமிகளுக்காக, திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போக. தூரம் பார்க்க அதை வரையவில்லை.

நூல் காட்டும் வழியிலேயே விமானம் அச்சுப் பிசகாமல் பறக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வடக்குப் பசிபிக்கில் அன்றன்றைய காற்றைப் பார்த்து வான்வழிகளைத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகிறவர்கள் ஜெட் காற்று இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறார்கள், மேற்கே வருகிறவர்கள் அதை விட்டு ஒதுங்கி வருகிறார்கள். அதனால் பறந்த தூரம் எப்போதும் 13,600-ஐவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். சில சமயம் கூடுதல் தூரம் போவதுதான் சீக்கிரம். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2015 டிசம்பரில் நேரடி விமானம் விட்டபோது அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திருப்பிப் பசிபிக் வழியாக விட்டுப் பார்த்தார்கள். 15,300 கி.மீ. பறந்தது, பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக. தூரத்தை வேகத்தால் வகுக்கிற கணக்கு இங்கே என்ன பதில் சொல்லும்?

இதன் மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் சுமார் 7,800 கி.மீ. 2022-க்கு முன் ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ போனார்கள். ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போக வேண்டியதாயிற்று. இப்போது சுமார் 13 மணி நேரம். இரண்டு நகரமும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. எந்த இணையதளத்தில் தேடினாலும் தூரம் அதே 7,800 என்றுதான் வரும்.

அப்புறம், மைல் சங்கதி. விமானத் துறையில் கடல் மைல்தான் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ. சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ தூரம் சுமார் 7,340 கடல் மைல். அதைச் சாதாரண மைல் என்று எண்ணி மாற்றினால் 11,800 கி.மீ.தான் வரும், 1,800 கி.மீ. வழியிலேயே மறைந்துபோகும். செய்திகளில் இந்தக் குழப்பத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். வெறும் ‘மைல்’ என்று போடாமல் எந்த மைல் என்று போட்டாலே போதும்.

நேரத்திலும் எந்த நேரம் என்று ஒன்று இருக்கிறது. டிக்கெட்டில் வரும் நேரம், சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அடுத்த நிலையத்தில் மறுபடி நின்று கட்டை வைப்பது வரை. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கூட்டமான நிலையம் என்றால் அதற்கே அரை மணி போய்விடும். வானத்தில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. 900-ஆல் வகுத்து வரும் எண் இந்த இரண்டில் எதுவும் இல்லை. விமானம் மேலே ஏற எடுக்கும் நேரமும் இறங்க எடுக்கும் நேரமும் அந்த வகுத்தலில் வராது. பெரிய தூரங்களில் சில சமயம் தற்செயலாகப் பொருந்தும், அவ்வளவுதான். உங்கள் 15 மணி, என் அக்கா போன 14 மணி 50 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படித்தான்.

தேதிக்கோட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. சமோவாவின் அபியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் நடுவே தூரம் 125 கி.மீ. அளவுதான், சிறிய விமானத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். 2011-இல் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கம் போக முடிவு செய்தது. அந்த ஆண்டு டிசம்பர் 29 முடிந்ததும் அடுத்த நாள் 31. டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை. இப்போது அபியாவில் வெள்ளி மதியம் கிளம்பினால் பாகோ பாகோவில் இறங்கும்போது வியாழன் மதியம். திரும்பி வருபவருக்கு ஒரு நாள் காணாமல்போகும். தேதி போடாமல் மணி மட்டும் அச்சடித்த தாளை அங்கே யார் கையிலாவது கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

சான் பிரான்சிஸ்கோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஜனவரியில் 16 மணி நேர வித்தியாசம், ஜூலையில் 15. ‘இரு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் இவ்வளவு’ என்று ஒரே எண்ணைப் போடும்போது இதையும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இனி இப்படிக் கேள்வி வந்தால், தூரத்துக்குப் பக்கத்தில் ‘குறுகிய வான்வழி’ என்று ஒரு சொல் போடுங்கள். போக எத்தனை மணி, வர எத்தனை மணி என்று தனித்தனியாகக் கொடுங்கள். வகுத்துப் போடாமல் விமான அட்டவணையிலிருந்தே எடுத்துப் போடுங்கள். உள்ளூர் நேரம் கொடுத்தால் கூடவே தேதியும் கொடுங்கள். பதிலில் இரண்டு வரி கூடும், அவ்வளவே. டிக்கெட் போட்டுத் தாள் அடித்துக் கொடுப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்: மொத்தப் பயண நேரம் என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இருக்கட்டும். மாத்திரை, ஊசி என்று நேரம் பார்த்து எடுக்கிறவர்கள் இப்போது எத்தனை பேர் தனியாகப் பறக்கிறார்கள்! மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது போடுவது என்று தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

அக்கா மறுபடி வரும் ஜனவரியில் போகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தாளில் இந்தத் தடவையும் மொத்த நேரம் இல்லை. நானே சிவப்பு மையில் ‘போக 14 மணி 50 நிமிடம், வர 17 மணி 10 நிமிடம், இறங்குவது கிளம்பிய தேதியிலிருந்து இரண்டாம் நாள்’ என்று எழுதி, அக்காவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்